எட்டு மாதப் பிள்ளைக்குச் சோறு தீத்தலாமா? அரிசியும் ஆசனிக்கும்

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு இப்போதுதான் எட்டு மாதம். வெளிநாட்டில் இருக்கும் தமையன் போனில், "அரிசியில் ஆசனிக் என்று நஞ்சு இருக்காம், அமெரிக்காவில் குழந்தை மாவுக்கெல்லாம் அளவு வைத்திருக்கினம், பிள்ளைக்குச் சோறு குடுக்காதை" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார், "நாங்கள் சோறும் கஞ்சியும் குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் கேட்பது மூன்று கேள்வி. சோற்றை நிற்பாட்ட வேண்டுமா? வடித்த கஞ்சியைக் கொடுக்கலாமா? வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரிலும் இது இருக்குமா?

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சோற்றை நிற்பாட்ட வேண்டாம். ஆனால் மூன்று வேளையும் அரிசியாகவே இருப்பதை மாற்றுங்கள். சோற்றை நிறையத் தண்ணீரில் அவித்து வடியுங்கள். வடித்த கஞ்சியைத் தினமும் பிள்ளைக்கு ஊட்டும் பழக்கத்தை விடுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். உங்கள் தமையன் சொன்னதில் உண்மை இருக்கிறது, மாமியார் சொன்னதிலும் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வன்னியில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வீடு வீடாகக் கிணறும் குசினியும் பார்த்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆசனிக் மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கும் ஒரு மூலகம். நம்முடைய பழைய வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்று சொல்வதெல்லாம் ஆசனிக் சேர்ந்த பொருட்கள்தான். அதில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடல் மீனிலும் இறாலிலும் நண்டிலும் இருப்பது பெரும்பாலும் சேதன வகை, அதாவது காபனோடு சேர்ந்தது. அது உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடும், பெரிய கெடுதல் செய்யாது. தண்ணீரிலும் அரிசியிலும் வருவதில் கவலைப்பட வேண்டியது அசேதன ஆசனிக். புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமில்லாமல் உறுதியான பொருட்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை வைத்திருக்கிறது. ஆகவே முல்லைத்தீவுக் கடற்கரையில் வாங்கும் மீனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளைக்கு முள் பார்த்து ஊட்டினால் போதும்.

சரி, எல்லாப் பயிரும் மண்ணில்தானே முளைக்கிறது, நெல்லுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்? காரணம் நாம் வயலில் நிறுத்தும் தண்ணீர். காய்ந்த மண்ணில் ஆசனிக் துரு போன்ற இரும்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வயலில் தண்ணீர் தேங்கியதும் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத மண்ணில் அந்த இரும்பு கரைகிறது, ஆசனிக்கும் அதோடு விடுபட்டுத் தண்ணீரில் கலக்கிறது. நெற்பயிரோ தண்டு சாயாமல் நிற்க மண்ணிலிருந்து சிலிக்கனை நிறைய உறிஞ்சும் பயிர். விடுபட்ட ஆசனிக்கின் வடிவம் சிலிக்கனின் வடிவத்தை ஒத்திருப்பதால், வேர் இரண்டையும் ஒரே வாசலால் உள்ளே விட்டுவிடுகிறது. கோதுமையை விட அரிசியில் ஏறக்குறைய பத்து மடங்கு ஆசனிக் இருப்பது இதனால்தான். இரணைமடுத் தண்ணீரில் விளைந்தாலும் முத்தையன்கட்டுத் தண்ணீரில் விளைந்தாலும் நெல்லின் குணம் இதுதான். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு கூடும், குறையும்.

(இடைக்கிடை வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் ஆசனிக் குறையும். இதைப் படிக்கும் கமக்காரர் ஒருவர் அதை யோசிக்கக்கூடும். ஆனால் காயவிடும்போது கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் அரிசியில் கூடுகிறது. ஒன்றுக்காக மற்றதை இழுத்து வரும் வேலை அது. கமநல நிலையத்தில் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

இனிப் பிள்ளையின் உடம்பைப் பார்ப்போம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோ அரிசியில் 100 மைக்ரோகிராம் அசேதன ஆசனிக் இருக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 30 மைக்ரோகிராம் உள்ளே போகும். எடைக்குப் பிரித்தால் கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். 12 கிலோ எடையுள்ள மூன்று வயதுப் பிள்ளை இடியப்பம், சோறு, புட்டு என்று 120 கிராம் அரிசி சாப்பிட்டால் 12 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்கு ஒன்று. ஒரே பானைச் சோறு, பிள்ளையின் உடம்புக்கு மட்டும் இரட்டிப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் 2009இல் இதைத்தான் சொன்னது: மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உணவால் சேரும் அசேதன ஆசனிக், எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களுக்குச் சேர்வதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

சேர்ந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் நிதானம் வேண்டும். நம் வீட்டுச் சோற்றில் இருக்கும் அளவால் பிள்ளை இன்றைக்கோ நாளைக்கோ வாந்தி எடுக்கப்போவதில்லை. வருடக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்வதுதான் பிரச்சினை. சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகரத்துக்கு 1958 முதல் 1970 வரை ஆசனிக் மிகுந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொடுத்தார்கள். அப்போது வயிற்றிலும் மடியிலும் இருந்த குழந்தைகள் வளர்ந்து நடுவயதுக்கு வந்தபோது நுரையீரல் நோய்களால் இறப்பது மற்ற ஊர்களை விட அதிகமாக இருந்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்திப் பல பத்தாண்டு கழிந்த பின்பும் அது உடம்பை விட்டுப் போகவில்லை. பங்களாதேஷில் ஆசனிக் மிகுந்த கிணற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்ததையும் ஆய்வாளர் கண்டார்கள். அவையெல்லாம் நம் சோற்றில் இருப்பதை விட மிக அதிகமான அளவுகள். ஆனாலும் இதற்கு மேல்தான் கெடுதல், கீழே ஒன்றுமில்லை என்று கோடு கிழிக்க விஞ்ஞானிகளால் முடியவில்லை. வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று முன்பு இருந்த ஒரு வரம்பை, உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. ஆகவே குறைக்க முடிந்ததைக் குறைப்பதே வழி.

உங்கள் தமையன் சொன்ன அமெரிக்க அளவு உண்மைதான். குழந்தைகளுக்கான அரிசி மாவுணவில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அசேதன ஆசனிக் இருக்கக்கூடாது என்று அவர்கள் 2020இல் இறுதியாக வைத்தார்கள். ஐரோப்பாவில் குழந்தை உணவு செய்யும் அரிசிக்கு அதே அளவு 2016இன் தொடக்கத்திலிருந்தே சட்டம். அந்த நாடுகளிலும் யாரும் பிள்ளைகளுக்கு அரிசியே கொடுக்காதே என்று சொல்லவில்லை. ஒரே தானியத்தை விடாமல் கொடுக்காதீர்கள், மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஒன்றை மட்டும் வெட்டொன்றாகச் சொல்கிறார்கள்: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் கொடுக்கக் கூடாது. அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கஞ்சிக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது பானைக்கு வருவோம். நம் அம்மாமார் சோறு காய்ச்சிய விதம் இந்த விஷயத்தில் நல்லதொரு பாதுகாப்பு. அரிசியைக் கிளைந்து, கல் நீக்கி, பெரிய பானையில் தாராளமாகத் தண்ணீர் கொதிக்க வைத்து, அரிசியைப் போட்டு, பதம் வந்ததும் வடித்துவிடுவார்கள். ஒரு சுண்டு அரிசிக்கு ஆறு சுண்டு தண்ணீர் என்ற கணக்கில் அவித்து வடித்தால் ஆசனிக்கில் ஏறக்குறைய பாதி தண்ணீரோடு போய்விடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெறுமனே கழுவுவதால் போவது கொஞ்சம்தான். ரைஸ் குக்கர் வந்த பிறகு அரிசி குடிக்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்றுகிறோம். அப்போது அரிசியில் இருந்தது முழுவதும் சோற்றிலேயே தங்கிவிடுகிறது. குக்கர்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் சோதித்துப் பார்த்த முறை இது: ஒரு சுண்டு அரிசிக்கு நாலு சுண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரிசியைப் போட்டு ஐந்து நிமிடம் மட்டும் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிறகு புதிதாக இரண்டு சுண்டு தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் வேகவிட வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் 70 வீதத்துக்கு மேலும், தீட்டாத அரிசியில் 50 வீதத்துக்கு மேலும் ஆசனிக் குறைந்தது.

வடித்தால் சத்தும் போய்விடாதா என்று மாமியார் கேட்பார். போகும்தான். பீ வகை விற்றமின்கள் கொஞ்சம் கரைந்து போகும். அதைப் பருப்பும் முட்டையும் கீரையும் திருப்பித் தரும். ஆசனிக்கை எடுத்துப் போடத்தான் வேறு எதுவுமில்லை.

முள்ளியவளையில் ஒரு வீட்டுக் குசினி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிணறு பார்க்கப் போன இடம். அந்த வீட்டு அம்மம்மா பழைய சேலைத்துண்டால் பானையைப் பிடித்து, மூடியைச் சாய்த்துக் கஞ்சியைச் சில்வர் கோப்பையில் வடித்தார். ஆவி அடங்கும் வரை விசிறி, ஒரு கிள்ளு உப்புப் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டு, மடியில் இருந்த பேரனுக்குச் சிரட்டைக் கரண்டியால் பருக்கினார். அந்த ஒரு வயதுப் பிள்ளை கரண்டியைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தது. வளர்ச்சி அட்டையைப் பார்த்தேன், எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. அன்றைக்கு ஆசனிக் என் நினைவிலேயே இல்லை. வயிறு நிறையக் கஞ்சி குடிக்கும் பிள்ளைக்குப் பருப்புக்கும் முட்டைக்கும் இடமில்லையே என்பதுதான் கவலை. இப்போது யோசித்தால் இரண்டு காரணமும் ஒரே கோப்பையில் இருந்தது. சோற்றிலிருந்து பிரிந்த ஆசனிக் அந்தக் கஞ்சிக்குள்தான் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் முழுப்பானை அரிசியிலிருந்தும் பிரிந்தது அது. அதை எடுத்து வீட்டிலேயே எடை குறைந்த ஆளுக்குக் கொடுக்கிறோம். இங்கிலாந்துக்காரர் அரிசிப் பானம் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

அந்த அம்மம்மாவின் கையில் இருந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. எப்போதாவது நாலு கரண்டி கஞ்சி குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. தினசரிப் பானமாக வேண்டாம், அவ்வளவுதான். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பது வேறு விஷயம். அந்த இரண்டு மூன்று நாளில் உடம்பின் நீர் வற்றுவதுதான் உயிருக்கு ஆபத்து. ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள், கஞ்சியும் கொடுங்கள், ஆசனிக்கை நினைத்துத் தயங்க வேண்டாம். மற்ற நாட்களில் வடித்த கஞ்சியைப் பெரியவர்கள் குடிக்கட்டும், மாட்டுக்கும் ஊற்றலாம்.

புட்டையும் இடியப்பத்தையும் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவற்றில் வடிப்பதற்குத் தண்ணீரே இல்லை, மாவில் இருந்தது அப்படியே வாய்க்குப் போகிறது. அதனால் காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு புட்டு என்று ஒரு நாள் போனால் பிள்ளைக்கு மூன்று வேளையும் அரிசிதான், அதில் இரண்டு வேளை வடிக்காத அரிசி. மாற்றவேண்டிய இடம் இதுதான், மாற்றுவதற்கு வன்னியில் பஞ்சமுமில்லை. குரக்கன் மேட்டு நிலப் பயிர், தண்ணீர் தேங்கிய வயலில் விளைவதில்லை. குரக்கன் கூழ், குரக்கன் புட்டு இரண்டும் பிள்ளைக்கு நல்லது, கல்சியமும் அதில் நிறைய. வவுனியா உழுந்தும் பயறும் கௌபியும் அவ்வளவு நல்லவை. பயறை வறுத்துக் கோது நீக்கி அவித்து மசித்துக் கொடுங்கள். கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தால் வாங்குங்கள், அது சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. மரவள்ளி, வற்றாளை, பூசணி, கதலி வாழைப்பழம், முட்டை, நெத்தலி, முருங்கையிலை என்று எட்டு மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பழக்கலாம். கோதுமை மாவும் அவித்துப் புட்டில் பாதிக்குக் கலக்கலாம். போலிக்கமிலமும் புரதமும் குறையாத உடம்பு ஆசனிக்கை வெளியேற்றுவதிலும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆகவே கீரையும் பருப்பும் இரண்டு பக்கத்தாலும் உதவி.

சிவப்பரிசியா வெள்ளையா என்பது கொஞ்சம் இக்கட்டான கேள்வி. ஆசனிக் தவிட்டில்தான் கூடுதலாகத் தங்கும். அதனால் தவிடு நீக்காத அரிசியில் அது அதிகம், நார்ச்சத்தும் விற்றமினும் அதிகம். பெரியவர்கள் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் சாப்பிடட்டும். இரண்டு வயது வரை பிள்ளைக்கு அரைவாசி தீட்டிய அரிசி போதும் என்பது என் கருத்து. சத்துமாவில் தவிடு சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் செய்யாதீர்கள்.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசனிக் மிகுந்த தண்ணீர் குடித்த தாய்மாரிடம்கூடத் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே இருந்தது என்று ஆர்ஜென்ரீனாவிலும் பங்களாதேஷிலும் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சோறு சாப்பிடுவதால் பால் கெட்டுவிடும் என்று பயப்படாமல் தொடர்ந்து கொடுங்கள். பால்மா கரைத்துக் கொடுப்பதென்றால் கரைக்கும் தண்ணீர்தான் முக்கியம். பால்மாவே கெட்டுப்போன கதையும் உலகத்தில் உண்டு. 1955இல் ஜப்பானில் மொரினாகா பால்மாவில் சேர்த்த ஒரு இரசாயனத்தில் ஆசனிக் கலந்திருந்ததால் 12,000க்கும் அதிகமான குழந்தைகள் நோயுற்றார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உணவுச் சட்டங்களில் குழந்தை உணவைத் தனியாக, இறுக்கமாகப் பார்ப்பதற்குப் பின்னால் இப்படியான வீடுகளின் துயரம் இருக்கிறது.

கடைசியாகக் குழாய்க்கிணறு. பங்களாதேஷில் குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சாகிறார்கள் என்று 1970களில் இலட்சக்கணக்கில் குழாய்க்கிணறு இறக்கினார்கள். நல்ல மனதோடு செய்த அந்த வேலைதான் ஆசனிக்கை வெளியே கொண்டு வந்தது. அது இளம் ஆற்று வண்டல் நிலம். வன்னியின் பெரும்பகுதி பழைய கடும்பாறை நிலம், ஆகவே அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அதற்காகக் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மன்னார் தீவின் மணற்பாங்கான, ஆழம் குறைந்த நிலத்தடி நீரைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வு, சில கிணறுகளில் ஆசனிக் வரம்பைத் தாண்டியிருந்ததைக் காட்டியது. வரம்பு என்பது ஒரு லீற்றரில் 10 மைக்ரோகிராம், இலங்கைத் தரமும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் அதுவே. கடற்கரை மணலில் கிணறு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கு ஆசனிக்தான் காரணம் என்று 2011இல் பெரிய பேச்சு எழுந்தது. அதன் காரணம் இன்றுவரை ஒரே முடிவாகத் தீர்ந்தபாடில்லை, ஆகவே அந்த நோயையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆசனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதும் கலங்கியிருப்பதும் ஒன்றையும் சொல்லாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆசனிக் அங்கேயே இருக்கும், தண்ணீர் வற்றுவதால் செறிவு கொஞ்சம் கூடவும் செய்யும். மட்பாண்ட வடியும் கரி வடியும் இதற்கு நம்பத்தக்கவை அல்ல, தண்ணீரை மென்சவ்வால் வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் பெருமளவு குறைக்கும். கெட்ட தண்ணீரில் சோறு காய்ச்சினால் நான் மேலே சொன்ன வடிக்கும் முறை பலன் தராது, அரிசி அந்த ஆசனிக்கையும் சேர்த்துக் குடித்துவிடும். அதனால் தண்ணீர்ப் பரிசோதனைதான் முதல் வேலை. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ கேளுங்கள். ஆசனிக்கோடு புளோரைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வன்னிக் கிணறுகளில் நான் அதிகம் கண்ட தொல்லை புளோரைட்தான். பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் காவி படிவது அதனால். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

யாராவது பிள்ளையின் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னால், அதற்கு முன் மூன்று நான்கு நாள் மீன், இறால், நண்டு எதுவும் கொடுக்காமல் எடுங்கள். இல்லையென்றால் மீனில் இருந்த தீங்கற்ற ஆசனிக்கும் கணக்கில் ஏறி, பெரிய எண்ணாக வந்து வீட்டையே அழவைத்துவிடும். நஞ்சை முறிக்கும் என்று யாரும் கொடுக்கும் சூரணம், பற்பம் எதையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், தாளகமும் மனோசிலையும் சேர்ந்த மருந்துகள் இருக்கின்றன.

தண்ணீர் எடுக்கும்போது கடையில் வாங்கிய சோடாப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோகாதீர்கள், பணிமனையில் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும். பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். போத்தலின் மேல் திகதி, கிணற்றின் ஆழம், கிராம சேவகர் பிரிவு, வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிவு வந்ததும் எண்களை அப்படியே எனக்கு அனுப்புங்கள், இருந்து பார்த்துச் சொல்கிறேன்.